பாழடைந்த கோட்டை எதற்கு?

கேள்வி: காத்திக் (Gothic) எனப்படும் அச்சமும் மர்மமும் நிறைந்த கதைகளில் வரும் பாழடைந்த கோட்டையும் இருட்டும் வெறும் அலங்காரம்தானா, ஐயா?

பதில்: இல்லை, அங்கே இடமே கதையை நடத்துகிறது. 1764இல் வெளிவந்த, ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலில், திருமண நாளன்று ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து இளவரசன் கான்ராடை நசுக்கிக் கொல்கிறது, முன்னோர் கோட்டையை அபகரித்த பழி, வாரிசின் தலையில் அப்படியே இறங்குகிறது. அந்தப் பழிதான் கதையின் முரண். கோட்டை அதன் உடல்.

அடுத்து, கதையை யார் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். ‘டிராகுலா’ நாவலில் (1897), கோட்டையில் விருந்தினராகத் தங்கிச் சவரம் செய்துகொண்டிருக்கும் ஹார்க்கரின் தோளில், இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு கை வைத்துக் காலை வணக்கம் சொல்கிறார், ஆனால் கண்ணாடியில் அவர் உருவம் தெரிவதில்லை. ஹார்க்கரின் நாட்குறிப்பாகவே இதைப் படிப்பதால், அவருக்குப் புரியாதது நமக்கும் புரிவதில்லை. என்னைப் பொறுத்தவரை, கோட்டையைவிட அச்சமூட்டுவது இந்தக் கட்டுப்பாடுதான்.