வழக்குரை காதைக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். அமெரிக்காவில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ போன்ற செவ்விலக்கியங்களைக்கூடப் பள்ளிகளிலிருந்து நீக்குகிறார்கள் என்று படித்தேன். பேரிலக்கியத்தைக் கண்டு பெற்றோர் ஏன் இப்படி அஞ்சுகிறார்கள்? நல்லவேளை, நம் பள்ளிகளில் இந்த நோய் இல்லை.

— ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடைசி வரி மட்டும் இல்லாதிருந்தால் சுருக்கமாகப் பதில் எழுதி முடித்திருப்பேன்.

அமெரிக்கக் கதையை முதலில் தள்ளிவிடுகிறேன். மார்க் ட்வெய்னின் அந்த நாவலை 1885இல் கான்கார்ட் நகரப் பொது நூலகம் கொச்சையானது என்று ஒதுக்கியது. பிற்காலத்தில் அதை எதிர்த்த கறுப்பினப் பெற்றோர் பலர், தங்கள் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பிலேயே தங்கள் இனத்தின் மீதான இழிசொல் உரக்க வாசிக்கப்படுவதைப் பொறுக்காமல் எதிர்த்தார்கள். இரண்டையும் ‘அச்சம்’ என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 2022இல் டென்னசி மாநிலத்தின் மக்மின் கவுண்டிக் கல்விக்குழு, யூத இனப்படுகொலையைச் சொல்லும் ‘மௌஸ்’ என்ற சித்திர நூலை, வசைச்சொற்களையும் நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டி, 10-0 என்ற வாக்கில் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. மடமைதான். ஆனால் யார் என்ன பேசினார் என்பது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதைக் காட்டி நாளை ஒருவர் வாதாடலாம். நம்மிடமும் அத்தகைய பகிரங்கத் தடை உண்டு. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1948இல் தடைசெய்யப்பட்டது. ஆணை என்று ஒன்று இருந்ததால்தான் 1971இல் அதை விலக்கவும் முடிந்தது.

என்னை நெடுநாளாக உறுத்துவது ஆணையே இல்லாத தடை. நான் படித்த காலத்தில் எங்கள் தமிழையா சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தினால் பக்கத்து வகுப்புப் பையன்கள் சன்னலோரம் வந்து நிற்பார்கள். பாண்டியன் மயங்கி விழும் இடத்தில் அவருக்கே குரல் உடையும். உடனே புத்தகத்தை மூடிவிட்டு, “பிறகு கற்பின் வலிமையால் மதுரை எரிந்தது, எழுதிக்கொள்ளுங்கள்” என்பார். எப்படி எரிந்தது ஐயா என்று கேட்ட பையன் வகுப்புக்கு வெளியே நின்றான்.

அடுத்த காதையான வஞ்சின மாலையை மதுரை சிம்மக்கல் நூலகத்தில்தான் படித்தேன். கண்ணகி தன் இடமுலையைக் கையால் திருகி, ஊரை மும்முறை வலம்வந்து, தெருவில் வீசி எறிகிறாள். தீக்கடவுள் அவள்முன் தோன்றி, இங்கே யார் பிழைப்பார் என்று கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோர் பக்கமே சேர்க என்கிறாள். வழக்கில் அரசனையே வென்றவள், தண்டிக்கும்போதும் ஆள் பார்த்துப் பிரிக்கிறாள். அந்தப் பட்டியலில் பார்ப்பார் ஏன் முதலில் நிற்கிறார்கள், பத்தினி அல்லாத பெண் எரியலாமா என்று எந்த வகுப்பிலாவது ஒரு பிள்ளை கேட்டிருக்கும். ஓர் உறுப்பை மறைக்கப் போய் அந்தக் கேள்வியையும் சேர்த்து வெட்டிவிட்டோம். அதுவும் எந்த ஊரில்? மூன்று தனங்களோடு பிறந்த தடாதகையின், அதாவது மீனாட்சியின், கதையைப் பாட்டி மடியிலேயே கேட்டு வளரும் பிள்ளைகளின் ஊரில்.

திருக்குறளுக்கும் இதே கதிதான். அறத்துப்பால், பொருட்பாலின் 108 அதிகாரங்களையும் பள்ளியில் கற்பிக்க வேண்டுமென்று 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மீதமுள்ள காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள், 250 குறட்பாக்கள், வாசலிலேயே நின்றன. உங்கள் ஆசிரியர் அறையில் எவராவது முணுமுணுத்தாரா? நோய் இல்லையாம்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தமிழாசிரியர் பாடப்புத்தகத்துக்கு வெளியே படித்துவிட்டுக் கடிதம் எழுதுவதே எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்த முறை வழக்குரை காதை நடத்தும்போது ஒரு பாடவேளை கூடுதலாக வாங்கி, வஞ்சின மாலையையும் முழுதாக வாசித்துக் காட்டுங்கள். எவராவது கூடாதென்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்.