அக்ரிலிக் ஷீட்டை வீட்டிலேயே வளைக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொலுவில் சின்னப் பொம்மைகள் வைக்க 3 மி.மீ. அக்ரிலிக்கில் படி செய்கிறேன். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடித்தால் மடிப்பு வரும் இடத்தில் நுரை போலக் குமிழ்கள் வந்துவிடுகின்றன. ஷீட் மட்டமானதா? (மயிலாப்பூர் வாசகி)

ஷீட்டைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, சூடு. அக்ரிலிக் ஏறக்குறைய 105 டிகிரியில் இளகத் தொடங்கும். 150, 160 டிகிரியில் சொன்னபடி வளையும். 200-ஐத் தாண்டினால் கொப்புளிக்கும். ஹீட் கன்னை முழு வேகத்தில் வைத்தால் அதன் வாயில் 500 டிகிரிகூட வரும். அக்ரிலிக்குக்குள் வெப்பம் மிக மெதுவாகத்தான் இறங்கும். அதனால் மேல்தோல் பொங்கிவிட்ட பிறகும் நடுப்பகுதி விறைப்பாகவே இருக்கிறது. குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கோட்டின் மேல் போய்வந்துகொண்டே இருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஷீட்டைப் புரட்டுங்கள். தன் எடையிலேயே ஷீட் தொங்க ஆரம்பித்தால் பதம் வந்துவிட்டது. கை கொடுத்து அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் வரவில்லை. அழுத்தி வளைத்தது பிறகு வெடிக்கும்.

இரண்டாவது, ஈரம். அக்ரிலிக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மேலே ஒட்டிய தாளை உரித்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை முழுக்கப் பரணில் கிடந்த ஷீட் என்றால், மிதமான சூட்டிலேயே உள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் வரும். அதை மின் அடுப்பில் (ஓவன்) 80 டிகிரியில் ஓர் இரவு முழுக்கக் காயவிட்டால் சரியாகும். ஓவன் வசதி இல்லையா? சைன்போர்டு கடையில் தாள் உரிக்காத கட் பீஸ் கேட்டு வாங்குங்கள். எடைக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

கேஸ் அடுப்பில் காட்டி வளைக்கலாமா? (கோவை)

வேண்டாம். அக்ரிலிக் எளிதில் தீப்பிடிக்கும், எரிந்துகொண்டே சொட்டும். அந்தச் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். கையிலிருப்பது அக்ரிலிக்தானா என்றே சிலருக்குத் தெரிவதில்லை. அது பிவிசியாக இருந்து கருகினால் வெளிவருவது ஹைட்ரஜன் குளோரைடு, நுரையீரலை அரிக்கும் வாயு. எந்த ஷீட்டானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

நேர்கோட்டில் மடிக்க நைக்ரோம் கம்பி வைத்து ஹீட்டர் செய்ய ஆசை. கம்பியை நேராக 230 வோல்ட்டில் கொடுக்கலாமா? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

கூடவே கூடாது. திறந்து கிடக்கும் கம்பியில் வீட்டு மின்சாரம் ஓடினால் கை பட்ட நொடியே உயிருக்கு ஆபத்து. இதற்கு 12 வோல்ட் போதும். அரை மி.மீ. விட்டமுள்ள நைக்ரோம் கம்பி 60 செ.மீ. எடுத்தால் தடை சுமார் 3.3 ஓம். 12 வோல்ட்டில் 3.6 ஆம்பியர், ஏறத்தாழ 43 வாட். எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விற்கும் 5 ஆம்பியர் பவர் சப்ளையே இதைத் தாங்கும்.

சூடானதும் கம்பி நீண்டு தொய்யும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான். தொய்ந்த இடத்தில் ஷீட்டிலிருந்து விலகிவிடுவதால் சூடு ஒரே சீராக விழாது. ஒரு முனையில் சின்ன ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டுங்கள். கம்பிக்கும் ஷீட்டுக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி விடுங்கள். தொட்டால் தழும்பு விழும். முனைகளைப் பிடிக்கும் இடத்தில் மரத்தைத் தவிர்த்து, பீங்கானையோ அஸ்திவாரத்துக்கு வாங்கிய செங்கல்லையோ பயன்படுத்துங்கள்.

இரண்டு பக்கமும் வெளியளவு 100 மி.மீ. வரும்படி எல் வடிவம் வேண்டும். 200 மி.மீ. வெட்டினேன், பெரிதாக வந்துவிட்டது. (திருச்சி)

வளைவு மூலையைச் சுற்றாமல் குறுக்கே போகிறது, அதனால்தான். 3 மி.மீ. ஷீட், உள்வளைவின் ஆரம் 3 மி.மீ. என்று வையுங்கள். 100-இல் தடிமன் 3, ஆரம் 3 போக, ஒவ்வொரு பக்கத்திலும் நேராக நிற்பது 94 மி.மீ. தடிமனின் நடுக்கோட்டில் அளந்தால் ஆரம் 4.5; கால் வட்டமான வளைவு மட்டும் 1.57 x 4.5, அதாவது 7 மி.மீ. மொத்தம் 195 மி.மீ. வெட்டினால் போதும். ஆரம் உங்கள் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஒரு கட் பீஸை வளைத்து அளந்து பார்த்துவிட்டு நல்ல ஷீட்டில் கை வையுங்கள்.

விளக்குக் கூடு அருமையாக வந்தது. கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைத்தேன். மறுநாள் ஓரமெல்லாம் முடி போல விரிசல். அழாத குறை! (மதுரை வாசகி)

உங்கள் வருத்தம் புரிகிறது. முடித்த வேலை கண்ணெதிரே நொறுங்குவது பெரிய வேதனை. லேசரில் வெட்டிய ஓரத்திலும் வளைத்த இடத்திலும் உள்ளே இழுவிசை தங்கியிருக்கும். கண்ணாடி துடைக்கும் திரவத்திலுள்ள அம்மோனியாவோ ஸ்பிரிட்டோ பட்டதும் அந்த இடம் வாய் பிளக்கிறது. வந்த விரிசலை மறைக்க வழியில்லை.

அடுத்த முறை, வளைத்ததும் தண்ணீரில் முக்காமல் மரக்கட்டையில் அணைத்துப் பிடித்து தானாக ஆறவிடுங்கள். பிறகு ஓடிஜியில் (சின்ன மின் ஓவன்) 80 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமலே ஆறட்டும். ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 100-ஐ நெருங்கினால் வளைவு தளரும். சமையலுக்கு உள்ள ஓடிஜி இதற்கு வேண்டாம். குளோரோஃபார்ம் ஊற்றி ஒட்டுவதும் இதற்குப் பிறகுதான், அதுவும் மொட்டைமாடியில். துடைப்பதற்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

உடையாத பாலிகார்பனேட்டும் இதே முறையா? (ஓசூர்)

இல்லை. அது 147 டிகிரி அளவில்தான் இளகவே தொடங்கும். அதற்கு முன் 120 டிகிரியில் மணிக்கணக்கில் உலர்த்தாவிட்டால் குமிழ் நிச்சயம். மென்மையான வளைவு போதுமென்றால் சூடே வேண்டாம். தடிமனைப் போல 100 மடங்கு ஆரம் கொடுத்து அப்படியே வளைத்துச் சட்டத்தில் பூட்டலாம், 2 மி.மீ. ஷீட்டுக்கு 20 செ.மீ.

மடிப்பு கோணலாகிவிட்டது. ஷீட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? (நாகர்கோவில்)

போடாதீர்கள். அக்ரிலிக்குத் தன் பழைய உருவம் நினைவிருக்கும். கொப்புளிக்காத, விரிசல் விடாத துண்டை மறுபடி 150, 160 டிகிரிக்கு முழுதாகச் சூடாக்கினால் தானே நிமிர்ந்து பலகையாகிவிடும். முதல் சூட்டில் ஷீட் கொஞ்சம் சுருங்கும். ஆகவே அளவை மறுபடி எடுத்துவிட்டுக் கோடு போடுங்கள்.