அரைமண்டி வராத காலும் பாப் ஃபாஸியின் தொப்பியும்

கேள்வி: ஒன்பது வருடம் பரதம் கற்றேன். முட்டிகளை வெளிப்பக்கம் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் எனக்கு முட்டி விரியவே விரியாது; எவ்வளவு திட்டு வாங்கியும் பாதிதான். இப்போது ஜாஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். உடம்பின் குறைகளையே பாணியாக்கியவர் அமெரிக்க நடன அமைப்பாளர் பாப் ஃபாஸி என்று தெரிந்ததிலிருந்து அவர்மேல் பித்து. கல்லூரி விழாவுக்கு மூன்று நிமிடத் தனி நடனம் ஒன்று அமைக்கிறேன். அவரைப் போல முட்டியை உள்ளே திருப்பி ஆடுகிறேன். இரண்டு வாரமாக முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது. என் குறையையும் பாணியாக்க முடியுமா?
– 21 வயது வாசகி, கோவை

பதில்: முடியும். ஆனால் வலியை முதலில் கவனிப்போம். ஃபாஸி எங்கும் போய்விட மாட்டார்.

முட்டி உள்ளே திரும்புவது போலத் தெரிந்தாலும், அந்தத் திருப்பம் நடக்க வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. தொடை எலும்பு உள்பக்கம் உருளும்போது முட்டியும் பாதமும் அதோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். நீங்கள் பாதத்தை நேராக வைத்துக்கொண்டு முட்டியை மட்டும் உள்ளே தள்ளுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தால் பாதத்தின் உள்வளைவு சரியும், முட்டியின் உள்பக்கத் தசைநார் இழுபடும். வலிக்கிற இடமும் அதுதானே?

ஒரு வாரம் அந்த நிலையையே விட்டுவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது பாதத்தைக் கொஞ்சமாக, 15 டிகிரிக்குள், உள்ளே திருப்புங்கள். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேர் மேலே இருக்கட்டும். அரைமண்டிக்கு உட்காருவதில் மூன்றில் ஒரு பங்கு மடங்கினால் போதும். எடை முன்பாதத்தில், குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும். முட்டி வீங்கினாலோ, மாடிப்படி இறங்கும்போது வலித்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து, உங்கள் குறை எது என்று அளந்து பாருங்கள். குப்புறப் படுத்து, முட்டிகளை ஒட்டி வைத்து, கால்களை 90 டிகிரி மடக்குங்கள். பாதங்கள் இரண்டும் தாமாக வெளிப்பக்கம் சாயட்டும். அப்படிச் சாய்கிற அளவுதான் தொடை உள்நோக்கி உருளும் அளவு. பிறகு ஒரு காலை மட்டும் மடக்கி, பாதத்தை மற்றக் காலுக்கு மேலாக உள்பக்கம் சாயவிடுங்கள். அது வெளிநோக்கி உருளும் அளவு. பக்கத்தில் ஒருவரை வைத்துப் படம் எடுத்தால் கோணம் தெரிந்துவிடும். இரண்டும் 40 டிகிரிக்கு அருகில் இருப்பது வழக்கம். உள்ளே 60, வெளியே 20 என்று வந்தால் உங்கள் தொடை எலும்பின் அமைப்பே அப்படி இருக்கலாம். அதைத் திட்டித் திருத்த முடியாது. ஒன்பது வருடம் வாங்கிய திட்டில் பெரும்பகுதி உங்களுக்கு உரியதல்ல. ஆனால் இரண்டுமே 25, 30 என்று நின்றால் ஃபாஸியின் உள்திரும்பிய காலும் உங்களுடையதல்ல. பாதங்கள் நேரே பார்க்கும் நிலைதான் உங்களுக்கு இயல்பு, அதில்தான் பாணி தேட வேண்டும். அவர் குறையைக் கடன் வாங்கி முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அவரிடம் வருவோம். 1927-ல் சிகாகோவில் பிறந்தவர். சிறுவனாகவே, காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டேப் நடனம் கற்று, பதின்வயதில் இரவு விடுதி மேடைகளில் ஆடியவர். பாலே கேட்கிற வெளித்திருப்பம், அதாவது தொடையிலிருந்தே காலை வெளிப்பக்கம் திருப்புவது, அவர் கால்களுக்கு வரவில்லை, தோள் கூனியிருந்தது, முடி இளமையிலேயே கொட்டத் தொடங்கியது. இவற்றிலிருந்துதான் தன் பாணி வந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கால் உள்ளே திரும்பியது, தோள் இன்னும் சுருண்டது, தலைக்குத் தொப்பி வந்தது, தன் கைகளும் பிடிக்காததால் கையுறை வந்தது. எல்லோரும் சொல்கிற கதை இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கூன் விழுந்த தோள் ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. குறை மட்டுமே பாணியாகிவிடாது.

1954-ல் நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் அவர் முதன்முதலாக நடனம் அமைத்த ‘தி பஜாமா கேம்’ நாடகத்தில் ‘ஸ்டீம் ஹீட்’ என்ற மூவர் நடனம் உண்டு. 1957-ல் வந்த திரைப்படத்திலும் இருக்கிறது, பாருங்கள். கறுப்பு உடை, பௌலர் தொப்பி, மடங்கிய முட்டி, விலாவோடு ஒட்டிய முழங்கை, வாயில் நீராவி சீறும் ஒலி. முதல் தடவை தொப்பி வித்தைதான் கண்ணில் படும். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு, எது அசையவில்லை என்று மட்டும் பாருங்கள். மணிக்கட்டு சுழலும்போது தோள் நிற்கிறது. தோள் உருளும்போது இடுப்பு நிற்கிறது. பெரிய தாவலையும் உயரமான காலையும் நம்பாமல், சின்ன அசைவு கடைசி வரிசைவரை தெரிய என்ன வேண்டுமோ அதை எல்லாம் செய்தார்: சுற்றியிருக்கும் மற்ற அசைவுகளை நீக்கினார், கறுப்பை உடுத்தினார், தொப்பி விளிம்பால் கண்ணை வழிநடத்தினார். 1966-ல் ‘ஸ்வீட் சேரிட்டி’ இசை நாடகத்தின் ‘பிக் ஸ்பெண்டர்’ நடனம் இன்னும் துணிச்சல். பெண்கள் ஒரு கம்பியில் சாய்ந்து நிற்கிறார்கள், இசை ஓடுகிறது, நடனம் வரவில்லை. அந்தக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு கால் இழுபட்டாலே அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

உங்களுக்கு நெருக்கமான சேதி ஒன்று. ஃபாஸிக்கு முன்னோடியான ஜாக் கோல், பரதநாட்டியத்தைப் பயின்று அமெரிக்க ஸ்விங் இசைக்கு ஆடிக்காட்டியவர். ஒரு உறுப்பை மட்டும் தனியே அசைப்பதை ஜாஸுக்குள் ஆழமாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ‘ஸ்டீம் ஹீட்’ ஆடிய கேரல் ஹேனியும், ஃபாஸியின் மனைவியும் அவர் நடனங்களின் உயிருமான க்வென் வெர்டனும் கோலிடம் உதவியாளராக இருந்தவர்கள். வெர்டன் சிறுமியாக எலும்பை மென்மையாக்கும் ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்து, திருத்தக் காலணி போட்டு வளர்ந்தவர். ஆக, உங்கள் அட்டமியும் (கழுத்தைப் பக்கவாட்டில் அசைப்பது) கண்ணசைவும் இந்தப் பாணிக்கு அந்நியமல்ல. தூரத்து உறவு. கடையில் தொப்பி தேடுவதை நிறுத்திவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

பயிற்சி இப்படி. சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். எட்டு எண்ணிக்கை முழு அசைவின்மை, மூச்சு மட்டும். அடுத்த எட்டில் ஒரே அசைவு, ஒரு தோள் அல்லது ஓர் அட்டமி. மறுபடி எட்டு நிறுத்தம். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியில் நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று தொடங்கி, வாரத்துக்கு 10 கூட்டுங்கள். சறுக்குவது பெரும்பாலும் நிறுத்தத்தில்தான்: தோள் அசையும்முன் தாடை ஆயத்தமாகிவிடும், பார்வையாளருக்கு ரகசியம் முன்பே தெரிந்துவிடும். கைக்கு, உள்ளங்கையில் அரைவேக்காட்டு முட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும். பரதம் ஆடியவர்களுக்கு விரல் நுனிவரை விறைத்து நிற்கும், அதை அவிழ்க்கவே மூன்று வாரம் ஆகலாம்.

பிறகு 20 அடி தள்ளி கைபேசியை வைத்துப் பதிவு செய்யுங்கள். அசைவு தெரியவில்லை என்றால் அதைப் பெரிதாக்காதீர்கள், பக்கத்தில் எது கூடவே அசைகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துங்கள். அதே மாதிரி இசையில்லாமல் ஒரு நிமிடம் இஷ்டத்துக்கு ஆடியும் பதிவு செய்யுங்கள். உடம்பு கேட்காமலே திரும்பத் திரும்பச் செய்கிற ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். ஒரு பக்கம் சாய்வது, முழங்கை மடங்கியே இருப்பது, ஏதாவது. அதை ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் செய்யப் பழகிவிட்டால் உங்கள் பாணியின் முதல் சொல் கிடைத்துவிட்டது.

அவரை நேசியுங்கள், அவர் வாழ்ந்த விதத்தை வேண்டாம். மாத்திரையிலும் சிகரெட்டிலும் ஓடி, 1974-ல் இதய அறுவைச் சிகிச்சை, 1987-ல் மாரடைப்பில் 60 வயதில் மரணம். நாளுக்கு 90 நிமிடப் பயிற்சி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உங்களுக்குப் போதும்.

விழா மேடையை முதல் நாளே போய்ப் பாருங்கள். பக்கவாட்டு விளக்கு இரண்டு கேளுங்கள். முன்விளக்கு மட்டும் இருந்தால் தோளின் வளைவு தட்டையாகிவிடும். தரையில் கார்ப்பெட் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். முன்பாதத்தில் திரும்பும்போது துணி பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், முட்டி மட்டும் திரும்பும், ஆறிய வலி அதே இடத்தில் திரும்பி வரும்.