கடலூரில் வீட்டு மதிலை ஒட்டி வேலிபோல வைக்க இட்லிப்பூச் செடி சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் மதிலை 'ஒட்டி' என்கிறீர்களே, அங்கேதான் நான் ஏமாந்தேன்.

2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு முன்னால் நின்ற இரண்டு மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. இனி மரமே வேண்டாம், இடுப்பளவுக்குப் பூச்செடி போதும் என்றார் அம்மா. மதிலைக் கட்டி முடித்த கையோடு, அதன் அடியிலேயே பதினைந்து கன்றுகளை நட்டேன். வெட்சி என்று சங்கப் பாட்டிலேயே வரும் செடி, தென்னிந்தியாவும் இலங்கையும் சொந்த ஊர், எதையும் தாங்கும் என்ற நினைப்பு.

ஆறே மாதத்தில் தளிர் இலைகள் மஞ்சளாகிவிட்டன. நரம்புகள் மட்டும் பச்சைப் பேனாவால் கோடு போட்டதுபோல நின்றன. தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். இன்னும் வெளுத்தது.

தோண்டிப் பார்த்தால், கொத்தனார் விட்டுப்போன சிமெண்ட் சாந்தும் பூச்சுச் சில்லும் ஒரு சாண் ஆழத்துக்குக் கிடந்தன. இட்லிப்பூவுக்கு லேசான அமிலத்தன்மையுள்ள மண்தான் ஒத்துவரும். சுண்ணாம்பு ஏறிவிட்டால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு எங்கள் போர் தண்ணீர், வாளியில் வெள்ளை படியும் ரகம். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணில் இதே செடி கவனிப்பாரில்லாமலே கொழுத்து நிற்கிறது!

அப்புறம் மதிலிலிருந்து இரண்டடி தள்ளிக் குழியெடுத்து, செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கலந்து மாற்றி நட்டேன். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்புச்சத்து தரும் ஃபெரஸ் சல்பேட் உப்பு) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளித்தேன். பதினைந்து நாள் விட்டு மறுபடியும் ஒருமுறை. பிழைத்தது பதினொன்று.

கத்தரிப்பதிலும் கவனம் வேண்டும். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். மாதாமாதம் சுவர்போல மட்டமாக வெட்டினால் பச்சை வேலி கிடைக்கும், பூ கிடைக்காது. ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்தபின் வெட்டுங்கள்.

இல்லை, மதிலை ஒட்டித்தான் வேண்டும் என்றால் அரளி வைக்கலாம். சுண்ணாம்பையும் உப்புக்காற்றையும் தாங்கும். ஆனால் வேர் முதல் பூ வரை விஷம். இட்லிப்பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சிப் பழகிய பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர்.