130ஆ, 140ஆ? பிரஷர், சீனி: கேள்வி பதில்

கொழும்பில் நீண்டகாலம் மெடிக்கல் கிளினிக் பார்த்தவன். உங்கள் குளிசையை மாற்றுவது உங்கள் டொக்டரின் வேலை. சிகிச்சை வழிகாட்டிகள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதை மட்டும் கேளுங்கள்.

வெள்ளவத்தை: எனக்கு 134/84. அமெரிக்காவில் இருக்கும் மகன் இது பிரஷர் என்கிறான், இங்கே டொக்டர் இல்லை என்கிறார்.

இருவரும் சரி. அமெரிக்க இதயச் சங்கங்கள் 2017இல் பிரஷர் என்று சொல்லும் கோட்டை 130/80க்கு இறக்கின. ஐரோப்பாவும் பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டி அமைப்பான நைஸும் 140/90இலேயே நிற்கின்றன. அமெரிக்காவிலும் 134 என்றதும் எல்லோருக்கும் குளிசை எழுதுவதில்லை.

கோடு இறங்கியதில் 2015இன் ஸ்பிரின்ட் ஆய்வுக்குப் பெரிய பங்கு. மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களில் இதய நோயும் மரணமும் குறைந்தன. ஆனால் அங்கே ஐந்து நிமிடம் உட்கார வைத்து, இயந்திரத்தால் மூன்று முறை அளந்தார்கள். பல இடங்களில் அளப்பவர் அறையைவிட்டு வெளியே போன பிறகு. விடியவே நம்பர் எடுத்து, பஸ்ஸில் தொங்கி வந்து, சட்டைக் கைக்கு மேல் பட்டியைச் சுற்றி எடுத்த 134 வேறு 134.

கொட்டாஞ்சேனை: சீனியும் இருக்கிறது. அப்போ இலக்கு 120ஆ?

ஸ்பிரின்ட்டில் சீனிக்காரரைச் சேர்க்கவேயில்லை. அவர்களுக்கென்று நடந்த அக்கோர்ட் ஆய்வு (2010) 120ஆல் மொத்தப் பலன் காணவில்லை, பாரிசவாதம் மட்டும் குறைந்தது. சீனாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு 120க்குச் சாதகம். உலக சுகாதார நிறுவனம் 130 என்கிறது, நைஸ் 140/90.

இன்னொன்று: வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிற நாளிலும் பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு போடுங்கள், டொக்டர் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால். சீனிக் குளிசை மட்டும் சாப்பாட்டோடு.

தெஹிவளை: அம்மாவுக்கு 78 வயது, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சீனி) 7.4. 6.5 ஆக்க வேண்டாமா?

சீனியை மிதமிஞ்சி இறக்காத ஒற்றைக் குளிசையில் இருப்பவருக்கு நைஸ் 6.5 சொல்கிறது, மிதமிஞ்சி இறக்கிவிடக்கூடிய மருந்தென்றால் 7. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2018இல் பெரும்பாலானோருக்கு 7 முதல் 8 போதும் என்றது. அதே அக்கோர்ட் ஆய்வில் எச்பிஏ1சியை 6க்குக் கீழே விரட்டிய பிரிவில் மரணம் கூடி, 2008இல் அதை நிறுத்தினார்கள். இந்த வயதில் இரவில் சீனி இறங்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும் அக்கா. விடுங்கள்.

மட்டக்குளி: குரக்கன் பிட்டு?

அதுவும் மாச்சத்துத்தான். அளவு.

பம்பலப்பிட்டி: கோட்டை இறக்கியதே மருந்துக் கம்பனிகள். வயதோடு 100ஐக் கூட்டு என்பார் எங்கள் பழைய டொக்டர்.

ஸ்பிரின்ட்டுக்குக் காசு கொடுத்தது அமெரிக்க அரசு. உங்கள் கணக்கில் 80 வயதுக்கு 180! 2008இன் ஹைவெட் ஆய்வு 80 தாண்டியவர்களை 150க்கு இறக்கியபோது மரணமே குறைந்தது.

பம்பலப்பிட்டி மறுபடி: எல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு.

அப்போ நம் கணக்கு. இலங்கை கிளினிக்குகளில் 700 பேர், 2018இல் வெளியான டிரையம்ஃப் ஆய்வு. மூன்று பிரஷர் மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்ததும் ஆறு மாதத்தில் 70 வீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 55. கோடு எங்கே என்று சண்டை பிடிக்கிறோம், 140ஐயே பாதிக்குக் கிட்டப் பேர் தொடவில்லை ஐயா.

வத்தளை: கர்ப்பமாக இருக்கிறேன், எனலாப்ரில் போடுகிறேன்.

குழந்தைக்கு ஆகாத குளிசை. இன்றே டொக்டரிடம் போங்கள்.

கிருலப்பனை: எனக்கு 136/86, பிரஷரா?

மேலே பாருங்கள்.

மருதானை: 138/88...

ஐந்து நிமிடம் உட்கார்ந்தீர்களா?