தனி ஆளாக இருக்கும் பெண், ஓய்வுக்காலத்தில் தாய்லாந்தின் ஒரு சின்ன ஊரில் போய் வாழ முடியுமா?

கேள்வி கேட்டவர் மதுரைக்காரர். வயது 54, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கப் போகிறார். பாங்காக், பட்டாயா எல்லாம் வேண்டாம், சின்ன ஊர் போதும், ஆனால் ஒரு பெண் தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்டிருக்கிறார். இருக்கலாம். நான் 2017-இலிருந்து இருக்கிறேன்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றேன். இப்போது இருப்பது தென் தாய்லாந்தில் ட்ராங் என்ற ஊர். நகராட்சிக்குள் சுமார் 60,000 பேர். தவளை மூக்கு மாதிரி முன்பக்கம் வைத்த பழைய துக்துக் என்ற மூன்று சக்கர வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. காலை ஆறு மணிக்கே கோப்பிக் கடைகளில் டிம்சம் என்ற சீனப் பலகாரத்தின் ஆவி பறக்கும்.

ஏன் ட்ராங் என்று எல்லோரும் கேட்பார்கள். கடற்கரை பார்க்கத்தான் முதலில் வந்தேன். வந்த இடத்தில் பக்கத்து ஊரான கந்தாங்குக்குப் போனபோது, எங்கிருந்தோ ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், நாற்றம் அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற நாற்றம். எனக்கு அது அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம். பிறகுதான் தெரிந்தது, தாய்லாந்தின் முதல் ரப்பர் மரத்தை 1899 வாக்கில் இந்த கந்தாங்கில்தான் நட்டார்களாம். நட்டவர் அப்போதைய ட்ராங் ஆளுநர் பிரயா ரட்சடா, பினாங்கோடு உறவுள்ள சீனக் குடும்பத்துக்காரர். இதோ இந்த மரம்தான் அது என்று ஊரில் ஒரு மரத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

என் பாட்டி இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பார். 1943-இல் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன தாத்தா திரும்பி வரவே இல்லை. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் 'சயாம்' என்ற சொல்லையே, தாய்லாந்தின் பழைய பெயரை, சொல்லக் கூடாது. அந்தச் சயாமுக்குப் பேத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சரி, பயம். இத்தனை வருஷத்தில் ஆண்களால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. இரவு எட்டரைக்குச் சந்தையிலிருந்து நடந்தேதான் வருகிறேன். பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, சந்து நாய்கள். கையில் குடை இல்லாமல் நான் கிளம்புவதில்லை. இன்னொன்று, மோட்டார் சைக்கிள். இங்கே பஸ் குறைவு. அதனால் புதிதாக வருகிறவர்கள் ஓட்டிப் பழக்கமில்லாமலே ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கான உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீட்டுக்காரர்கள் பொதுவாகக் கை விரித்துவிடுவார்கள். நான் முப்பது வருஷம் வார்டில் பார்த்த கால்களை நினைத்து ஸ்கூட்டர் பக்கமே போகவில்லை. துக்துக்காரர் ஒருவரை மாதக் கணக்குக்குப் பேசி வைத்திருக்கிறேன்.

தனியாக இருப்பது பற்றி ஊர் என்ன பேசும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பேசும், முகத்துக்கு நேராகவே. முதல் தடவை பார்க்கும்போதே வயதைக் கேட்பார்கள். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. 'பீ' என்று அக்கா முறை வைப்பதா, 'பா' என்று பெரியம்மா முறை வைப்பதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். முறை வைக்காமல் அவர்களால் பேசவே முடியாது, நம்மைப் போலத்தான். வழியில் பார்த்தால் "பாய் நாய் மா?" என்பார்கள். முதலில் ஏதோ நாயைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று அர்த்தம். அடுத்து, சாப்பிட்டாச்சா. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி ஊர் பழகிவிடும்.

கல்யாணமாகாத பெண்ணைத் தாய்லாந்து மொழியில் 'குன் கான்' என்பார்கள். பழுது பார்க்கப் படகைக் கரைக்கு ஏற்றி உத்தரங்களின் மேல் நிறுத்தி வைப்பார்களே, அந்த மாதிரி மேலே ஏறிவிட்டவள். மாத ஓய்வூதியம் வருகிறது என்று தெரிந்ததும் எதிர்வீட்டு அம்மாள் என்னைத் தங்க உத்தரத்துக்கு உயர்த்திவிட்டார். அதுவும் ஊரில் வழங்குகிற கேலிதான். 'முதிர்கன்னி' என்பதைவிட எனக்கு இது பரவாயில்லை. படகு என்றால் மறுபடி தண்ணீரில் இறங்கவும் இறங்கும் அல்லவா.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 வயது ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8,00,000 பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். என் ஓய்வூதியம் அந்த 65,000-க்கு எட்டாது, ஆகவே சேமநிதியிலிருந்து ஒரு லட்சம் வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் எடுத்து இங்கே போட்டேன். வருஷா வருஷம் வாங்க வேண்டிய விசா நீட்டிப்புக்கு மனுக் கொடுப்பதற்கு முன் இரண்டு மாதமும், கிடைத்த பின் மூன்று மாதமும் அந்தத் தொகை குறையக் கூடாது. மீதி மாதங்களில் 4,00,000-க்குக் கீழே போகக் கூடாது. நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாத். 90 நாளுக்கு ஒரு முறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாடு போகும் முன் மறுநுழைவு அனுமதி வாங்காவிட்டால் விசா செத்துவிடும். வெளிநாட்டிலேயே எடுத்துக்கொண்டு வருகிற ஓ-ஏ விசா என்று இன்னொரு வகை உண்டு. அதற்கு 2019-இலிருந்து மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நான் மாட்டிக்கொண்டது எப்படி என்றும் கேளுங்கள். செலவுக்கும் விசாவுக்கும் ஒரே கணக்கு வைத்திருந்தேன், சரியாக 8,00,000 விட்டுவிட்டு மீதியை எடுத்துவிட்டேன். வங்கி அட்டையின் வருஷக் கட்டணம் தானாகக் கழிந்து 7,99,700 ஆகிவிட்டது. முந்நூறு பாத்துக்காக நீட்டிப்பு போய், மலேசியாவுக்குத் திரும்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். தப்பு என்னுடையதுதான். விசாப் பணத்துக்குத் தனிக் கணக்கு திறங்கள், அதற்கு அட்டையே வாங்காதீர்கள்.

நிலம் வாங்கலாம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், கட்டடத்தின் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். நான் வாடகைக்கு இருக்கிறேன், மாதம் 6,500 பாத், இரண்டு அறை, பின்னால் ஒரு கொய்யா மரம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2019-இல் எனக்கு டெங்கி வந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள், மருத்துவம் நன்றாகவே இருந்தது. ஆனால் சேர்க்கும்போதே கேட்ட கேள்வி, "யாத் எங்கே?" யாத் என்றால் சொந்தக்காரர், நம் 'ஞாதி'தான். இங்கே அரசு மருத்துவமனை வார்டில் நோயாளியின் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் படுத்துக்கொள்வது வழக்கம். உடம்பு துடைத்துவிடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, மருந்து வாங்கி வருவது, மருத்துவர் சொன்னதைக் கேட்டு வைத்துக்கொள்வது எல்லாம் அந்த ஆள்தான். 'ஃபாவ் காய்' என்று அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, நோய்க்குக் காவல் இருப்பது. தாதிகளைக் குறை சொல்லமாட்டேன். ஒரு தாதிக்கு எத்தனை கட்டில் என்று எண்ணிப் பார்த்தேன், அந்தக் கணக்கு எனக்குத் தெரியாததா. ஆனால் எல்லாக் கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு பாய் விரித்திருந்தது, என் கட்டிலுக்கு இல்லை.

இரண்டாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் கடையை மகளிடம் விட்டுவிட்டுப் பாயோடு வந்துவிட்டார். மூன்று இரவு இருந்தார். அப்போது எனக்கு அவரோடு இருந்தது தெருப் பழக்கம் மட்டும்தான். பிறகு கேட்டேன், ஏன் வந்தீர்கள் என்று. "என் மாமியார் சாவுக்கு நீ உறை வைத்தாயே" என்றார்.

இந்த உறைதான் நம் மொய். சாவு, துறவு கொடுப்பது, கல்யாணம், புதுவீடு எதற்கும் பணத்தை உறையில் போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். தெற்கே சாவுச் சடங்கு கோயிலில் நாள்கணக்கில் நடக்கும்; மாலையில் பிக்குகள் ஓதுவார்கள், எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. எனக்கு ஓதுவது புரியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் கைகூப்பி உட்கார்ந்திருந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொள்வேன். வெளிநாட்டவர்கள் பலர் இது தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தனியாக வருகிற பெண் ஒதுங்கக் கூடாது என்பேன். மாதம் ஐந்நூறு, அறுநூறு பாத் உறைகளுக்கென்று ஒதுக்குங்கள், பேரம் பேசாமல்.

ஆனால் உறை காகித வேலையைச் செய்யாது. மருத்துவமனையிலிருந்து வந்த மாதமே ஒரு வழக்கறிஞரிடம் போய்த் தாய்லாந்து மொழியில் உயில் எழுதினேன். நான் செத்தால் வங்கியில் இருக்கும் அந்தப் பணத்தை அண்ணன் மகள் எடுக்க இங்கே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். உயில் இருந்தால் அந்த வேலை கொஞ்சம் லேசாகும். வெளிநாட்டவர் உடலை ஒப்படைப்பதற்குத் தூதரகத்தின் கடிதம் கேட்பார்கள். அதனால் தூதரக எண், அண்ணன் மகள் எண், எரிக்க வேண்டும் என்ற என் விருப்பம், செலவுக்குப் பணம் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் எதிர்வீட்டில் இருக்கின்றன. அவர் டப்பாவை வாங்கிச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டாச்சா" என்றார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் எல்லை மூடியது. மலேசியா முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. இடையில் என் அக்கா போய்விட்டார். அக்கா இருந்த கெடாவின் சுங்கைப்பட்டாணிக்குச் சாதாரண நாளில் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். அன்று கைப்பேசியில் பார்த்தேன். நெட் விட்டுவிட்டு வந்தது, கொள்ளி வைத்ததைப் பார்க்க முடியவில்லை. மதுரையில் உங்களுக்கு வயதான அம்மாவோ அப்பாவோ இருந்தால் விசா விதிகளைப் படிப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம். மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். மஞ்சள் பலகையில் 'ஜே' என்று எழுதிய கடையில் முட்டைகூடக் கிடையாது, வெங்காயம் பூண்டும் சேராது. பெரும்பாலும் அக்டோபரில் வரும் சைவத் திருவிழாவின் ஒன்பது நாளும் ஊர் முழுக்க மஞ்சள் கொடிதான். வடக்கே சியாங்மாய், லாம்பாங் என்று யோசித்தால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காடும் வயலும் எரியும் புகை. மூச்சிழுப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எங்கள் பக்கம் புகைக்குப் பதில் மழை. ஒரு டிசம்பரில் தண்ணீர் என் வீட்டின் மூன்றாவது படி வரை வந்து நின்றது.

அதனால் ஜனவரியில் சுற்றுலா வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஜனவரியில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். அக்டோபரில் வாருங்கள், மாத வாடகைக்கு ஒரு அறை எடுங்கள், டிசம்பர் வரை இருங்கள். துணி காயாது, கரப்பான் வரும், பேசத் தமிழ் ஆள் கிடைக்கமாட்டார். மதுரை வீட்டை அதற்குள் விற்றுவிடாதீர்கள், ஒரு வருஷம் வாடகைக்கு விட்டுவிட்டு வந்தால் போதும்.