மரம் நட்டால் கணக்கு நேராகிவிடுமா?

பெங்களூரு வாசகர்கள் கேட்டவற்றில், பலரும் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் நான்கு விஷயங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

எங்கள் ஐடி கம்பெனி லாபத்தில் 2% சி.எஸ்.ஆருக்கு (நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு) கொடுக்கிறது, வருஷா வருஷம் மரக்கன்றும் நடுகிறோம். சுற்றுச்சூழல் பொறுப்பு முடிந்தது அல்லவா? (மாரத்தஹள்ளி)

இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்களை முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அது லாபம் வந்த பிறகு செய்வது. அந்த லாபத்தைச் சம்பாதிக்க எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் டீசலும் போயிற்று, கழிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கணக்கு. பங்குச் சந்தையில் உள்ள, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் அதை ஆண்டறிக்கையில் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. உங்கள் கம்பெனி அதில் இருந்தால் அந்தப் பக்கங்களை எடுத்துப் படியுங்கள். மரமும் நடுங்கள், இரண்டு கோடை தாண்டி எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள்.

பெல்லந்தூர் ஏரி நுரைக்குத் தொழிற்சாலைகள்தானே காரணம்? (அல்சூர்)

அவற்றின் பங்கும் உண்டு. ஆனால் பெரும்பங்கு நம் வீட்டுச் சாக்கடை. துணி துவைத்த சோப்புநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குப் போய், வழிந்து விழும் இடத்தில் நுரையாகப் பொங்குகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அப்புறம் தென்பெண்ணை, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை. அணையில் நுரை மிதக்கும் நாளில் அதே தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

"எங்கள் வளாகத்தில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறதே" என்பார்கள். இருப்பது வேறு, ஓடுவது வேறு. கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரியில் கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ப்ளோயரை நிறுத்திவிடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் செத்துப்போகும். வெளிவரும் நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். கறுப்புக் கசடு தங்கினாலோ அழுகிய முட்டை வாடை அடித்தாலோ அசோசியேஷன் கூட்டத்தில் அந்தப் பாட்டிலையே மேஜைமேல் வைத்துக் கேளுங்கள்.

'மக்கும் பை' என்று அச்சிட்டிருந்தால் எங்கே போட்டாலும் மக்கிவிடுமா? (ஜீவன் பீமா நகர்)

மக்காது. அந்த வகைப் பைகளில் பெரும்பாலானவற்றுக்கு உரம் தயாரிக்கும் ஆலையின் சூடு வேண்டும். சாக்கடையில் கிடந்தால் அதுவும் அடைப்புதான். இப்படிப் பசுமைப் பெருமை பேசும் விளம்பரங்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொண்டுவந்துவிட்டது. சந்தேகமிருந்தால் 1915க்குப் போன் செய்யலாம். கடைக்குத் துணிப்பை போதும்.

பீன்யாவில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் கவலைதானே?

உங்களிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய கம்பெனி, தன் கணக்கில் உங்கள் மின்சாரத்தையும் கழிவையும் சேர்த்துக் காட்டும் காலம் வந்துவிட்டது. இன்றோ நாளையோ படிவத்தோடு வருவார்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மற்ற மிஷின்களை நிறுத்திவிட்டு, ஏர் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, குழாய் இணைப்புகளில் பிரஷ்ஷால் சோப்புநீர் தடவுங்கள். குமிழி வருகிற இடமெல்லாம் காற்றோடு கரண்டும், அதாவது உங்கள் காசும் கசிகிற இடம். பெரும்பாலும் ஒரு வாஷரோ ஒரு டெஃப்லான் டேப்போ போதும்.